ஹாரனை அழுத்தும் முன் ஒரு நிமிஷம்...

காலை எட்டே கால் மணி. பள்ளிக்கூட மணி எட்டரைக்கு அடித்துவிடும். பின் ஸீட்டில் என் மகள், அவள் முதுகில் புத்தக மூட்டை, முன்னால் காலடியில் சாப்பாட்டுக் கூடை. அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரிக்கு, நாற்கரச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டரை விரட்டிக் கொண்டிருந்தேன். எதிரே ஒரு வெள்ளைக் குதிரை. அதன் மேல் பதினான்கு, பதினைந்து வயசுப் பையன். பத்தடி பின்னால் தோளில் துண்டோடு ஒரு பெரியவர் நடந்து வந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரியவரைத் தாண்டினேன். குதிரையின் வாலுக்குப் பின்னால் போய் 'பாம்... பாம்... பாம்' என்று மூன்று தடவை ஹாரன் அடித்தேன். ஒதுங்காத மாட்டுக்கும், ஆட்டோவுக்கும், தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்களுக்கும் அடிக்கிற அதே ஹாரன்தான்.

அடுத்து நடந்ததெல்லாம் ஒரு நொடியில். குதிரை பின்னங்கால்களைக் குறுக்கிக் கொண்டு பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளியது. பையன் தார் ரோட்டில் விழுந்தான். நான் பதறிப்போய் பிரேக் பிடித்ததில் ஸ்கூட்டர் சாய்ந்து, மகளுக்கு முழங்காலில் தோல் உரிந்தது. குதிரை நடுவிலிருந்த புல் மேட்டைத் தாண்டி நேரே பெரிய ரோட்டுக்கு ஓடிவிட்டது. தொப்பூர்க் கணவாயைத் தாண்டிச் சரக்கு லாரிகள் வரிசையாக வருகிற ரோடு அது. காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை போகிற, முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண் போட்டிருக்கிற அதே தேசிய நெடுஞ்சாலை.

ஒரு லாரி முப்பது நாற்பதடிக்கு முன்னாலேயே நின்றது. டிரைவர் நாலு பக்க விளக்கையும் மினுக்கவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. பெரியவர் ஓடவில்லை, கூச்சல் போடவில்லை. "ராணி... ராணி... ஓ... ஓ..." என்று தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் நடந்து போய்க் கயிற்றைப் பிடித்தார். அந்த லாரி டிரைவர் என்னிடம் வந்து, "கொழந்தைக்கு ஒண்ணும் இல்லயேம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பையனுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. தலையில் ஒரு பெரிய வீக்கம். தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை அவன். என் ஹெல்மெட்டோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஸீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது!

பெரியவர் சொன்ன ஒரே வார்த்தை: "ஏம்மா கண்ணு, ஆரன் அடிக்கிறதுக்குப் பதிலா 'பெரியவரே'ன்னு வாயால ஒரு சொல்லு சொல்லியிருந்தா நானே ஒதுக்கி நிறுத்தியிருப்பேனே. ராத்திரியெல்லாம் கல்யாண ஊர்வலத்துல வேட்டுச் சத்தம் கேட்டு மெரண்டு கெடக்குது அது."

அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தூக்கு நிறையக் களியும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்புறம் அடிக்கடி போக ஆரம்பித்தேன். குதிரையைப் பற்றி நான் தெரிந்து கொண்டதில் பாதி அந்தத் திண்ணையில்தான். மீதி, வீட்டுக்கு வந்து படித்தும் கேட்டும் தெரிந்து கொண்டது.

'குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், இது பணக்காரர்கள் விஷயம்' என்று சில சகோதரிகள் பக்கத்தைத் திருப்பப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நம் ஊர்க் கல்யாணங்களில் இப்போது மாப்பிள்ளை அழைப்புக்குக் காருக்குப் பதில் குதிரை வருகிறது. கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போனால் ஏரியைச் சுற்றி, கார்களுக்கு நடுவே, குழந்தையைக் குதிரையில் ஏற்றி அனுப்புகிறோம். ஊட்டியில் கட்டுப்பாடில்லாமல் குதிரைகள் ரோட்டில் திரிகின்றன. சென்னை மெரினாவில் மணலில் ஓடுகின்றன. ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் பண்டிகை வந்தால் குதிரைச் சந்தையே கூடுகிறது. கத்தியவார், மார்வாரி என்று வடக்கத்திக் குதிரைகளெல்லாம் அங்கே வரும். அங்கே வாங்கிய குதிரையை ஆசைக்கு வளர்க்கிற இளவட்டங்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. என் கொழுந்தனார்கூட ஒரு தடவை "அண்ணி, ஒண்ணு வாங்கிடலாமா?" என்றார். கொள்ளு என்ன விலை விற்கிறது என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

எங்கள் ஊருக்குக் குதிரை புதிதும் இல்லை. இது அதியமான் நெடுமான் அஞ்சியின் கோட்டை இருந்த இடம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தானே, அவன்தான். அந்தக் காலத்து வள்ளல்களில் காரியின் குதிரைக்குக் காரி என்றும், ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் எசமானின் பெயரே இருந்ததாகச் சங்கப் பாட்டு சொல்கிறது. தன் பெயரையே வைக்கிற அளவுக்குக் குதிரை மேல் பாசம்! பெரியவர் தன் குதிரைக்கு ராணி என்று வைத்திருக்கிறார். காரணம் கேட்டேன். "வீட்டுல அவ வெச்சதுதாங்க சட்டம்" என்றார்.

குதிரை ஏன் மிரளுகிறது? அது முட்டாளோ முரடோ இல்லை. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்து பிழைத்த பிராணி. அதற்குக் கொம்பு கிடையாது. ஓட்டம் ஒன்றுதான் ஆயுதம். முதலில் ஓடு, என்ன சத்தம் என்று அப்புறம் பார், இதுதான் அதன் ரத்தத்தில் இருக்கிற பாடம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் இரண்டு இடம் அதற்குத் தெரியாது. ஒன்று நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்குக் கீழே. இன்னொன்று வாலுக்கு நேர் பின்னால். நான் அன்றைக்குப் போய் நின்று ஹாரன் அடித்தது சரியாக அந்த இரண்டாவது இடத்தில்! கண்ணுக்குத் தெரியாத ஒன்று திடீரென்று முதுகுக்குப் பின்னால் கத்தினால் நாம் மட்டும் என்ன செய்வோம்? அடுப்படியில் வேலையாக இருக்கும்போது யாராவது பின்னால் வந்து 'பே' என்றால் கரண்டியைப் போட்டுவிட மாட்டோமா?

அதோடு அதன் காலில் இரும்பு லாடம். மழமழவென்று தேய்ந்த தார் ரோட்டில், மழை பெய்திருந்தால் இன்னும் மோசமாக, அது வழுக்கும். நானூறு கிலோ எடை வழுக்கி விழுந்தால் குதிரைக்கும் ஆபத்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

காதைப் பார்த்தே குணம் சொல்லலாம் என்கிறார் பெரியவர். இரண்டு காதும் முன்னால் நிமிர்ந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. ஒன்று இப்படி, ஒன்று அப்படித் திரும்பினால் யோசனையில் இருக்கிறது. இரண்டும் பின்னால் ஒட்டிப் படிந்துவிட்டால் கோபம். உதைக்கவோ கடிக்கவோ போகிறது என்று அர்த்தம். குழந்தையை இழுத்துக்கொண்டு விலகி விடுங்கள்.

சரி, ரோட்டில் குதிரை வந்தால் நாம் என்ன செய்வது? தூரத்தில் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கிட்டே போய் 'கிரீச்' என்று பிரேக் பிடிப்பது ஹாரனுக்கு அண்ணன். ஆக்ஸிலரேட்டரை முறுக்கி உறுமவிடக் கூடாது. இரவாக இருந்தால் பெரிய விளக்கைத் தாழ்த்திக் கொள்ளுங்கள். சேர்ந்தாற்போல் வந்ததும், "அண்ணே, வண்டி வருது" என்று குரல் கொடுங்கள். மனிதக் குரல் குதிரைக்குப் பழக்கம். அவர் கையைக் காட்டிய பிறகு, ஒரு கார் அகலத்துக்கு இடம் விட்டு, மெதுவாகத் தாண்டுங்கள். தாண்டியவுடனே அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே வெட்டி வரக் கூடாது. இங்கிலாந்தில் 2022 ஜனவரியில் சாலை விதிகளைத் திருத்தியபோது, குதிரையைத் தாண்டும் வண்டி மணிக்கு பத்து மைலுக்கு, அதாவது பதினாறு கிலோமீட்டருக்கு உள்ளேதான் போக வேண்டும், குறைந்தது இரண்டு மீட்டர் இடம் விட வேண்டும் என்று தெளிவாகவே எழுதி வைத்தார்கள். குதிரை ஆடத் தொடங்கினால் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்து விடுவதுதான் உத்தமம். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிஷம் தாமதமானால் ஆகட்டுமே!

பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். கையைத் தட்டிக் கூப்பிடுவது, குடையை 'படக்'கென்று விரிப்பது, பாலிதீன் பையைக் காற்றில் ஆட்டுவது எல்லாம் குதிரைக்குப் பேய் மாதிரி. நம் துப்பட்டா காற்றில் படபடப்பதும் அப்படித்தான். அதை ஸ்கூட்டர் சக்கரத்துக்காகவும் முடிந்து கட்டுவது நல்லது.

இது வெறும் மரியாதை மட்டும் இல்லை, சட்டமும்கூட. தருமபுரி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் சித்தப்பா மகன் எடுத்துக் காட்டியபோது நான் வாயைப் பிளந்தேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 132-ஆவது பிரிவு. ஒரு பிராணியைக் கொண்டு போகிறவர், 'என் பிராணி மிரண்டு கட்டுக்கு அடங்காமல் போய்விடும்' என்று பயந்து வண்டியை நிறுத்தச் சொன்னால், டிரைவர் நிறுத்தியே ஆக வேண்டும். தேவையான நேரம் வரை நின்றுதான் ஆக வேண்டும். எந்தப் பிராணி என்பதற்கும் அங்கே பட்டியல் இருக்கிறது: குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, வெள்ளாடு. ஆட்டு மந்தையை ஓட்டிப் போகிற அம்மாள் கையை உயர்த்தினால் சொகுசுக் கார் நிற்க வேண்டும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்த லாரி டிரைவருக்குச் சட்டம் தெரிந்திருக்குமோ என்னவோ, மனசு தெரிந்திருந்தது.

குதிரைமேல் இருப்பவருக்கும் பொறுப்பு உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281-ஆவது பிரிவு, பொது வழியில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதை மட்டுமல்ல, சவாரி செய்வதையும் குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ரோட்டில் குதிரையை நாலு கால் பாய்ச்சலில் விட்டு வீடியோ எடுக்கிற தம்பிகளின் அம்மாக்கள் இதைப் படித்துக் காட்டலாம்.

இதில் ஒரு வேடிக்கை. மோட்டார் வண்டி புதிதாக வந்த காலத்தில் வழக்கு நேர் எதிராக இருந்தது. 1865-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். எஞ்சின் வண்டி ரோட்டில் போனால் அதற்கு அறுபது கஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும், குதிரைக்காரர்களை எச்சரிக்க! ஊருக்குள் மணிக்கு இரண்டு மைலுக்கு மேல் போகக் கூடாது. நம் வீட்டுக் குழந்தை தவழ்வதைவிடக் கொஞ்சம்தான் வேகம். கொடிக்காரரை எடுத்துவிட்டோம், சரி. அந்த எச்சரிக்கையையும் சேர்த்து எடுத்துவிட்டோமே!

சவாரிக்காரர்கள் பக்கம் வருவோம். இடது ஓரமாக, ஒன்றன் பின் ஒன்றாக, நடை போட்டுத்தான் போக வேண்டும். குதிரையைக் கையில் பிடித்து நடத்திப் போகிறவர், தான் ரோட்டுப் பக்கமும் குதிரை பள்ளத்துப் பக்கமுமாக இருக்க வேண்டும். 'ஆளைத் தாண்டித்தான் அது ரோட்டுக்கு வரணும்' என்பார் பெரியவர். அன்றைக்கு அசதியில் கயிற்றைப் பேரனிடம் விட்டுவிட்டதை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை. இருட்டில் போகாமல் இருப்பதே நல்லது. போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. குதிரையின் நாலு காலிலும் சுற்றி, ஆள் முதுகிலும் ஒன்று மாட்டிவிட்டால் தூரத்திலேயே தெரியும். ஹெல்மெட் கட்டாயம். தரையிலிருந்து ஏழெட்டடி உயரத்தில் இருக்கிறது தலை!

கல்யாண வீட்டார் கவனத்துக்கு

கல்யாண வீட்டில் பெண்கள் சொன்னால் நடக்கும், அதனால் உங்களிடம் சொல்கிறேன். குதிரை வருகிறதென்றால் சரவெடி வேண்டாம். இரண்டில் ஒன்றுதான். பாட்டுப் பெட்டிகளை அதன் காதருகே வைக்க வேண்டாம். ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி வாங்கி, பெரிய ரோட்டை விட்டு ஊர்த் தெருவிலேயே முடித்துக் கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு முன்னால் ஒரு குழந்தையை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. பட்டுப் பாவாடையும் சேணமும் வழுக்கும். மாப்பிள்ளையும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏறியிருப்பார். யார் யாரைப் பிடிப்பது? வாண்டுகள் குதிரைக்குப் பின்னால் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரை நியமியுங்கள்.

பந்தியில் மிஞ்சிய சாதத்தையும் லட்டையும் பாசத்தோடு குதிரைக்கு ஊட்டாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கு இப்போதுதான் தெரிந்தது. ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் வெளியே தள்ள வழியில்லாமல் வயிற்று வலியில் புரண்டு செத்தேகூடப் போகும். தண்ணீர் வையுங்கள், அது போதும். குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு கேரட் கொடுப்பதானால், விரல்களை மடக்காமல் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து அதன்மேல் வைத்து நீட்ட வேண்டும்.

கொடைக்கானலில் குழந்தையை ஏற்றும்போதும் கொஞ்சம் கண்ணைத் திறந்து பாருங்கள். வயிற்றுப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா? சேணத்துக்கு ஓரத்தில் புண் இருக்கிறதா? நொண்டுகிறதா? புண்ணுள்ள பிராணியிடம் வேலை வாங்குவது 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 'புண் ஆறட்டும், அடுத்த தடவை வருகிறோம்' என்று சொல்லிவிட்டு வேறு குதிரைக்குப் போங்கள். வாடிக்கைக்காரர்கள் பத்துப் பேர் சொன்னால் மருந்து போடுவார்கள். செருப்புக் காலோடு ஏற்றாதீர்கள். அங்கவடியில் பாதம் முழுவதும் நுழைந்து மாட்டிக்கொண்டால், விழும்போது இழுத்துக்கொண்டே ஓடிவிடும். குதிகால் உள்ள ஷூ நல்லது. வீட்டில் சைக்கிள் ஹெல்மெட் இருந்தால் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆள் கூடவே நடந்து வரவேண்டும் என்று ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

அடி பட்டுவிட்டால் என்ன செய்ய? அன்று நான் செய்த இன்னொரு தப்பு, விழுந்த பையனைக் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தது. கழுத்திலோ முதுகிலோ அடி பட்டிருந்தால் அதுவே வினையாகிவிடும். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, அசைக்காமல், 108-க்குப் போன் செய்ய வேண்டும். நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணும் இருக்கிறது. காயம் பட்ட பிராணிக்கு 1962. இந்த மூன்றையும் நான் அடுப்படிக் காலண்டரில் எழ்ுதி ஒட்டியிருக்கிறேன்.

தலையில் அடி பட்ட குழந்தை முதலில் சாதாரணமாக விளையாடும். அடுத்த இரண்டு நாள் கவனம் வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், உளறல், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போலவோ ரத்தமோ வடிதல், வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வயிற்றில் உதை பட்டிருந்தால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும். உள்ளே ரத்தம் கசிவது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கை வீங்கியிருந்தால் எண்ணெய் போட்டு நீவக் கூடாது. மடித்த செய்தித்தாளைக் கீழே கொடுத்து, துப்பட்டாவால் கழுத்தில் தொட்டில் கட்டித் தூக்கிப் போங்கள். யாரிடம் கட்டுப் போடுவதானாலும் முதலில் ஒரு எக்ஸ்ரே.

சிராய்ப்பை அலட்சியம் பண்ணாதீர்கள். மண்ணும் சாணமும் கலந்த ரோட்டில் டெட்டனஸ் கிருமி இருக்கும். குதிரைச் சாணத்திலும் இருக்கும். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். குழந்தைக்கு ஒன்றரை வயசு வாக்கில் ஒன்று, ஐந்து ஆறு வயசில் ஒன்று, பிறகு பத்திலும் பதினாறிலும் என்று ஊக்க ஊசிகள் உண்டு. பச்சைக் குழந்தையாக இருக்கும்போது ஒழுங்காகப் போட்டுவிட்டு, பத்து வயசு ஊசியை மறந்துவிடுகிற அம்மாக்கள் நம்மில் நிறையப் பேர். அந்தப் பையனின் அட்டையும் அப்படித்தான் இருந்தது. என் மகளின் அட்டையும்! குதிரை கடித்தால் பதினைந்து நிமிஷம் சோப்பால் கழுவி, வெறிநாய்க்கடிக்குப் போவது போலவே டாக்டரிடம் போக வேண்டும். குதிரைக்கும் வெறி நோய் வரும்.

பையனுக்கு ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். நான் ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். அளவு கொஞ்சம் பெரிசு. உள்ளே துண்டை மடித்து வைக்கப் பார்த்தான். அது கூடாது, ஹெல்மெட் அசையாமல் உட்கார வேண்டும் என்று கடையில் மாற்றிக் கொண்டு வந்தோம். தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலில் கூட்டம் நெரிகிற அன்று மட்டும் பெரியவர் ராணியை வெளியே எடுப்பதில்லை.

வீட்டில் கொள்ளு வேக வைக்கிற நாளில் கடைசலுக்குத் தாளிக்கும் முன்பே, உப்புப் போடாமல், ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கிறேன். போகிற வழியில் ஸ்கூட்டரை ஐம்பதடி தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து போகிறோம். மகள் உள்ளங்கையை விரித்து நீட்டுகிறாள். ராணி மூக்கால் நெருடிவிட்டுச் சாப்பிடுகிறது. ஆனால் திரும்பி வந்து நான் ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் அதன் இரண்டு காதுகளும் இன்றைக்கும் சட்டென்று பின்னால் திரும்புகின்றன.